வீதியா, நகரமா, துறைமுகமா: கட்டான் பலகையில் முதல் குடியிருப்புக்கு முன் செய்யவேண்டிய தெரிவு

2019ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு ஜேர்மனியிலிருந்து வந்த சித்தப்பா கொண்டுவந்த பொருட்களுக்குள் கட்டான் விளையாட்டுப் பெட்டியும் இருந்தது. அட்டைகளில் இருந்த எழுத்து ஜேர்மன் மொழியாகையால், படங்களைப் பார்த்து மரம், செங்கல், கம்பளி, கோதுமை, தாது என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். பெட்டி நெடுநாள் அலுமாரிக்கு மேலே கிடந்தது. 2022இல் நாள்தோறும் பல மணிநேரம் மின்சாரம் நின்ற மாதங்களில்தான் அதை இறக்கி, விறாந்தையில் விளக்கை வைத்து, பெரியம்மாவின் மகன் அண்ணா, மாமாவின் மகள் மச்சாள், என் தம்பி, நான் என்று நால்வரும் ஒழுங்காக ஆடத் தொடங்கினோம். அதன் பிறகு கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் உள்ள பலருக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். விதிகளைப் புரிந்துகொண்ட எவரும் அடுத்ததாகக் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: வீதி போட்டுப் பரவுவதா, இருந்த இடத்தில் நகரம் எழுப்புவதா, துறைமுகத்தைப் பிடித்து வாணிபம் செய்வதா? இம்மூன்றையும், எல்லாவற்றிலும் கொஞ்சம் என்ற நான்காவது வழியையும் எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரை.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கிளவுஸ் தொய்பர் என்ற ஜேர்மானியர் உருவாக்கிய இந்த விளையாட்டு 1995இல் வெளிவந்து, அந்த ஆண்டிலேயே அந்நாட்டின் ‘ஆண்டின் விளையாட்டு’ விருதையும் பெற்றது. பலகையில் 19 அறுகோண நிலங்கள் உள்ளன. காடு, மேய்ச்சல் நிலம், கோதுமை வயல் ஆகியவை நான்கு நான்கு. செங்கல் மண்மேடும் தாது மலையும் மும்மூன்று. எஞ்சிய ஒன்று பாலைவனம். பாலைவனம் தவிர்ந்த ஒவ்வொரு நிலத்திலும் ஓர் எண்வில்லை இருக்கும். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை அந்த எண்ணாக விழும்போது, அந்த நிலத்தின் மூலைகளில் குடியிருப்பு வைத்திருப்பவர் ஓர் அட்டையும் நகரம் வைத்திருப்பவர் இரண்டு அட்டைகளும் பெறுவர். வீதிக்குச் செங்கல்லும் மரமும் ஒவ்வொன்று. குடியிருப்புக்குச் செங்கல், மரம், கம்பளி, கோதுமை ஒவ்வொன்று. குடியிருப்பை நகரமாக்க மூன்று தாதுவும் இரண்டு கோதுமையும். அபிவிருத்தி அட்டைக்குத் தாது, கம்பளி, கோதுமை ஒவ்வொன்று. குடியிருப்புக்கு ஒரு புள்ளி, நகரத்துக்கு இரண்டு. குறைந்தது ஐந்து துண்டு கொண்ட நெடுவீதிக்கும், குறைந்தது மூன்று வீரர் அட்டைகளைக் கொண்ட பெரும்படைக்கும் இரண்டிரண்டு. தன் முறையில் பத்துப் புள்ளியை எட்டியவர் வென்றவர்.

ஒவ்வொரு எண்வில்லையிலும் எண்ணின் கீழே சிறு பொட்டுகள் இருக்கும். இரண்டு பகடைகள் விழக்கூடிய 36 விதங்களில் அந்த எண் எத்தனை விதங்களில் வரும் என்பதையே அவை காட்டுகின்றன. 6க்கும் 8க்கும் ஐந்து பொட்டுகள், 5க்கும் 9க்கும் நான்கு, 4க்கும் 10க்கும் மூன்று, 3க்கும் 11க்கும் இரண்டு, 2க்கும் 12க்கும் ஒன்று. பலகை முழுவதிலும் 58 பொட்டுகள். புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் பொட்டுகளைக் கூட்டி, அதிகமான மூலையில் குடியிருப்பை வைத்துவிட்டு, எந்த வழியில் பத்துப் புள்ளிக்குப் போவது என்பதைப் பிறகு யோசிக்கிறார்கள். ஆனால் ஆட்டத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு வீதித் துண்டோடு வைக்கும் முதல் இரண்டு குடியிருப்புகளும் வழியைத் தீர்மானித்துவிடுகின்றன. செங்கல்லே கிடைக்காத இடத்தில் அமர்ந்தவர் பிறகு வீதித் திட்டத்துக்கு மாற இயலாது.

நான் நான்கு வழிகளையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறேன்: ஏழு புள்ளிக்கு வந்தபின், எஞ்சிய மூன்று புள்ளிகளையும் எவருடைய உதவியும் இன்றி என் நிலத்திலிருந்தே எடுக்க முடியுமா? முன்னணியில் நிற்பவருக்கு மேசையில் எவரும் அட்டை கொடுப்பதில்லை. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு கம்பளிக்கு ஒரு செங்கல் தந்த அதே தம்பி, என் முன்னே ஏழு புள்ளி தெரியத் தொடங்கியதும் இரண்டு தாதுவுக்கும் ஒரு செங்கல் தரமாட்டான். ஆகவே பிறருடைய தயவு தேவைப்படும் பகுதி ஆட்டத்தின் முற்பாதியில் வரும் திட்டம் நல்லது. பிற்பாதியில் வரும் திட்டம் ஆபத்தானது. அட்டை எண்ணிக்கையைவிடவும் பொட்டுக் கணக்கைவிடவும் இதையே நான் முதன்மையாகக் கொள்கிறேன்.

வீதித் திட்டத்திலிருந்து தொடங்குவோம். செங்கல்லும் மரமும் விளையும் இடங்களைப் பிடித்து, விரைவாக வீதி போட்டு, மூன்று குடியிருப்புகளைக் கூடுதலாக அமைத்து, நெடுவீதியையும் பெறுவது இதன் போக்கு. கூட்டிப் பார்த்தால் கவர்ச்சியான கணக்குத்தான். தொடக்கத்தில் இருக்கும் வீதியோடு நான்கு துண்டுகளைச் சேர்த்தால் ஐந்து நீளமாகி, அதன் வழியே இரண்டு குடியிருப்புகளுக்கு இடம் கிடைக்கும். மறு பக்கத்தில் ஒரு துண்டு போட்டால் மூன்றாவதற்கும் இடம் உண்டு. ஐந்து வீதியும் மூன்று குடியிருப்பும் மொத்தம் 22 அட்டைகள்: செங்கல் 8, மரம் 8, கம்பளி 3, கோதுமை 3. ஐந்து குடியிருப்புக்கு ஐந்து புள்ளி, நெடுவீதிக்கு இரண்டு, ஆக ஏழு. வேறு எந்தத் திட்டமும் இவ்வளவு குறைந்த அட்டையில் ஏழு புள்ளியைத் தருவதில்லை.

சிக்கல் அதன் பிறகே தொடங்குகிறது. ஒருவருக்குப் பெட்டியில் இருப்பவை ஐந்து குடியிருப்புக் காய்கள் மட்டும். ஆறாவது வைக்க வேண்டுமானால் ஒன்றையாவது நகரமாக்கி அந்தக் காயைத் திரும்ப எடுக்க வேண்டும். எனவே ஏழிலிருந்து பத்துக்குப் போக வழமையான வழி மூன்று நகரங்கள், அதாவது ஒன்பது தாதுவும் ஆறு கோதுமையும். செங்கல்லையும் மரத்தையும் தேடி அமர்ந்தவரிடம் தாது மலை இருப்பது அரிது. அவருடைய கையில் மரமும் செங்கல்லும் குவிந்திருக்கும். அவற்றை வாங்க ஆள் இருக்காது, ஏனெனில் பிற்பாதியில் மற்றவர்களுக்கும் தேவைப்படுவது தாதுவும் கோதுமையுமே. வங்கியில் நான்குக்கு ஒன்று மாற்றினால் ஒன்பது தாதுவுக்கு 36 அட்டைகள் போய்விடும்.

மேலும் இவருடைய புள்ளிகள் அனைத்தும் பலகையில் வெளிப்படையாகத் தெரிகின்றன. 7 விழும்போது, ஒரு நிலத்தின் விளைச்சலை மறித்து அங்கிருப்பவரிடம் ஓர் அட்டையும் எடுக்கும் கள்ளன் காயை எங்கே வைப்பது என்று எவரும் யோசிக்க வேண்டியதில்லை. நெடுவீதியும் நிலையான சொத்தன்று: இன்னொருவர் ஒரு துண்டு கூடுதலாகப் போட்டால் இரண்டு புள்ளிகளும் கைமாறும், வீதியின் நடுவில் வெறுமையாக விட்ட ஒரு சந்திப்பில், அதாவது நிலங்களின் மூலைகள் கூடும் இடத்தில், மற்றொருவர் குடியிருப்பை வைத்தால் வீதியே இரண்டாகத் துண்டுபடும். ஏழு புள்ளியில் முதலாவதாக நின்று, ஆட்டம் முடியும்போதும் அதே ஏழில் நின்றவர்களை எங்கள் விறாந்தையில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும் வீதித் திட்டத்தை நான் ஒதுக்கிவிடுவதில்லை. மூன்று பேர் மட்டும் ஆடும்போது பலகையில் வெற்றிடம் அதிகம். பரவுபவருக்குத் தடையும் குறைவு. அத்தகைய ஆட்டத்தில், செங்கல்லுக்கு ஒரு நல்ல எண்ணும், வீதி போகும் திசையில் தாது மலையின் ஒரு மூலையும் இருந்தால் இத்திட்டத்தை அச்சமின்றி எடுக்கலாம். தாதுவை நோக்கிப் போகும் வீதியும் வெறுமனே நீளும் வீதியும் ஒன்றல்ல. கடற்கரை ஓரமாக நெடுவீதியை வளைத்துக்கொண்டு போய், வழியில் ஒரு மலையையும் தொடாமல் விட்டவருக்கு ஏழாவது புள்ளியோடு வழி அடைபட்டுவிடுகிறது.

நகரத் திட்டம் இதற்கு நேரெதிர். தாது, கோதுமை, கம்பளி ஆகிய மூன்றையும் பிடித்து, இருக்கும் குடியிருப்புகளை நகரமாக்கி, அபிவிருத்தி அட்டைகளை வாங்கிப் பெரும்படையைப் பெறுவது. அட்டைக் கணக்கில் இது விலை கூடியது. அபிவிருத்தி அட்டைகள் மொத்தம் 25. அவற்றில் 14 வீரர், 5 வெற்றிப்புள்ளி, எஞ்சியவற்றில் வீதி அட்டை, விளைச்சல் அட்டை, ஏகபோக அட்டை ஆகியவை இரண்டிரண்டு. ஐந்து அட்டைகள் வாங்கினால் சராசரியாக மூன்றுக்குச் சற்றுக் குறைவான வீரர்களும் ஒரு புள்ளியும் கிடைக்கும். அப்படிக் கிடைக்குமானால், இரண்டு வீதி, இரண்டு புதிய குடியிருப்பு, மூன்று நகரம், ஐந்து அபிவிருத்தி அட்டை என்று 42 அட்டைகளில் பத்துப் புள்ளியை எட்டலாம். வீதித் திட்டத்துக்குப் பத்துப் புள்ளிக்கும் சேர்த்து 37 போதும். ஐந்து அட்டை வித்தியாசம் இருந்தும் நகரத் திட்டமே பெரும்பாலும் முந்துகிறது. அதன் காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஆட்டத்தின் தொடக்கத்தில் பிடிக்கும் இடங்களே பலகையின் மிகச் சிறந்த இடங்கள். பன்னிரண்டு பொட்டு உள்ள ஒரு சந்திப்பில் என் குடியிருப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நகரமாக்க ஐந்து அட்டைகள் செலவாகும். ஒரு புள்ளி கூடும். மேலும் பன்னிரண்டு பொட்டு வருமானமும் கூடும். அதே நேரத்தில் வீதி போட்டுப் புதிய குடியிருப்பு வைப்பவருக்கு ஒன்றோ இரண்டோ வீதியையும் சேர்த்து ஆறிலிருந்து எட்டு அட்டைகள் செலவாகும். அவருக்கும் ஒரு புள்ளி கூடும். ஆனால் நல்ல இடங்கள் போய்விட்டதால் கிடைப்பது ஏழெட்டுப் பொட்டுகள்தாம். நால்வர் ஆடும் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு நான்கு முறை பகடை உருளும். பன்னிரண்டு பொட்டு என்றால் ஒரு சுற்றுக்கு 1.33 அட்டை, செலவான ஐந்தும் நான்கு சுற்றுக்குள் திரும்பிவிடும். எட்டுப் பொட்டு என்றால் சுற்றுக்கு 0.89 அட்டை, செலவான ஏழு திரும்ப ஏறக்குறைய எட்டுச் சுற்று வேண்டும். நகரத்துக்குப் புதிய இடமும் தேவையில்லை. எவரும் குறுக்கே வந்து மறிக்கவும் முடியாது.

என் உரைகல்லில் உரைத்தாலும் இதுவே தேறுகிறது. நகரத் திட்டக்காரருக்குப் பிறரிடமிருந்து தேவைப்படுவது நான்கு செங்கல்லும் நான்கு மரமும். அவையும் முற்பாதியில், அவர் இரண்டு மூன்று புள்ளியில் எவருடைய கண்ணையும் உறுத்தாமல் இருக்கும்போது தேவைப்படுபவை. பிற்பாதியில் வேண்டிய தாதுவும் கோதுமையும் அவருடைய சொந்த நிலத்தில் விளைகின்றன. வெற்றிப்புள்ளி அட்டை கையில் மறைந்திருக்கும். எட்டுப் புள்ளி தெரியும் ஒருவரிடம் உண்மையில் ஒன்பது இருக்கலாம். வீரர் அட்டையைப் பகடை உருட்டும் முன்பே போடலாம் என்பதால், தன் மலையில் வந்து குந்தியிருக்கும் கள்ளனை அந்த முறையின் விளைச்சலுக்கு முன்னரே துரத்திவிடவும் முடியும்.

குறை இல்லாமலும் இல்லை. முதல் நகரம் எழும்வரை இத்திட்டக்காரர் ஏழை. அதுவரை பலகையில் அவரிடம் எந்த அசைவும் இராது. அந்த நேரத்தில் அவர் கண்வைத்த மூன்றாவது இடத்தை வேறொருவர் பிடித்துவிடலாம். மூன்று தாது சேரும்வரை அட்டைகளைக் கையில் வைத்திருக்கவும் வேண்டும். 7 விழும்போது ஏழுக்கு மேற்பட்ட அட்டைகளை வைத்திருப்பவர் பாதியைக் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் தன் முறையை முடித்த பின் அடுத்த முறைக்குள் நான்கு தடவை பகடை உருள்கிறது. அந்த நான்கில் ஒன்றாவது 7 ஆக விழும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. ஆகவே எட்டு அட்டைகளோடு முறையை முடிப்பவர், நான்கை இழக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்பதை அறிந்தே முடிக்க வேண்டும். தாது முழுவதும் ஒரே எண்ணில், அதுவும் 3 அல்லது 11 போன்ற எண்ணில் இருந்தால் இத்திட்டத்தைத் தொடவே கூடாது என்பேன்.

துறைமுகத் திட்டத்தைப் பற்றி என் கருத்துக் கொஞ்சம் கடுமையானது. பலகையைச் சுற்றி ஒன்பது துறைமுகங்கள் உண்டு. நான்கில் எந்தப் பொருளானாலும் மூன்றுக்கு ஒன்று. எஞ்சிய ஐந்தும் பொருளுக்கு ஒன்றாக இரண்டுக்கு ஒன்று. கம்பளியில் நல்ல எண்களைப் பிடித்துக் கம்பளித் துறைமுகத்தையும் பிடித்துவிட்டால் எவரிடமும் கெஞ்சாமல் எதையும் வாங்கலாம் என்பது இதன் கவர்ச்சி. கம்பளிக்கு மேசையில் விலை குறைவு என்பது உண்மை. வீதிக்கும் நகரத்துக்கும் அது தேவைப்படுவதில்லை. மேய்ச்சல் நிலத்தின் எண் இரண்டு மூன்று முறை தொடர்ந்து விழுந்துவிட்டால் எல்லோருடைய கையிலும் கம்பளிதான். சுன்னாகம் சந்தையில் எல்லாத் தோட்டத்து வெங்காயமும் ஒரே கிழமையில் வந்து இறங்கும்போது விலைக்கு நடப்பதே அப்போது கம்பளிக்கும் நடக்கிறது. அந்த நேரத்தில் கப்பலேற்ற வழியுள்ளவர் மட்டும் நட்டமடைவதில்லை.

ஆனாலும் இரண்டுக்கு ஒன்று என்றால் வருமானத்தில் பாதி போகிறது என்பதே பொருள். கம்பளியில் பத்துப் பொட்டு வைத்திருப்பவருக்குச் சுற்றுக்குக் கிடைப்பது 1.11 அட்டை, மாற்றிய பின் கையில் நிற்பது 0.56. தவிரவும் கரையோரச் சந்திப்புகள் மூன்று நிலங்களைத் தொடுவதில்லை, இரண்டையோ ஒன்றையோதான் தொடும். மூன்றாவது நிலத்தின் பொட்டுகளை விட்டுக்கொடுத்தே துறைமுகத்தைப் பெறுகிறோம். ஒரே பொருளை நம்பியிருப்பவரின் மேய்ச்சல் நிலத்தில் கள்ளனை வைத்தால் அவருடைய எல்லா வருமானமும் நின்றுவிடும். ஏகபோக அட்டை வைத்திருப்பவர் ‘கம்பளி’ என்று ஒரு சொல் சொன்னால் கையில் சேர்த்த அத்தனையும் போய்விடும். எனவே தொடக்கக் குடியிருப்பிலேயே ஒரு பொருள் துறைமுகத்தைப் பிடித்து அதையே முழுத் திட்டமாக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. மூன்றுக்கு ஒன்று துறைமுகம் வேறு வகை. அது திட்டமன்று, திட்டத்துக்கு ஊன்றுகோல். நகரங்கள் இரண்டு எழுந்தபின் கோதுமை தேவைக்கு மேல் குவியும். அப்போது மூன்றுக்கு ஒன்று இருப்பவர் வங்கியில் நான்கு கொடுப்பவரைவிட ஒவ்வொரு மாற்றிலும் ஓர் அட்டை மிச்சம் பிடிக்கிறார்.

ஐந்து பொருளும் கொஞ்சம் கொஞ்சம் என்ற நான்காவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முதல் சில ஆட்டங்களை ஆடுபவருக்கு அது நல்லது, ஏனெனில் எந்தக் கட்டத்திலும் முற்றாக முடங்கிப்போக மாட்டார். ஆனால் எந்தப் பொருளும் விற்குமளவுக்கு மிஞ்சாததால் அவரோடு வாணிபம் செய்ய எவரும் வருவதில்லை. நகரத்துக்கு வேண்டிய மூன்றாவது தாதுவுக்காகக் காத்திருந்தே சுற்றுகள் கழிந்துவிடும்.

எந்த வழி சிறந்தது என்பது மேசையைச் சுற்றி இருப்பவர்களையும் பொறுத்தது. யாழ்ப்பாணத்து மேசைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இங்கே பெரியவர்கள் பலரும் முந்நூற்றுநான்கு என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்கள். 32 சீட்டுகளில் எது விழுந்தது, எது எவர் கையில் நிற்கிறது என்பதை மனத்தில் வைத்திருப்பது அவர்களுக்கு இயல்பு. கட்டானிலும் பகடை விழும்போது எவருக்கு என்ன கிடைக்கிறது என்பது எல்லோர் கண்முன்னும் நடப்பதால், கள்ளன் எடுக்கும் அட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருக்கலாம். அண்ணா அப்படி எண்ணுபவர். என் கையில் தாது எத்தனை என்பதை என்னைவிடச் சரியாகச் சொல்லுவார். அத்தகைய ஒருவர் எதிரே இருக்கும்போது, ஏகபோக அட்டைக்கு இரையாகக்கூடிய வகையில் ஒரே பொருளைக் குவிப்பது பிழை. துறைமுகத் திட்டம் எங்கள் வீட்டில் அரிதாகவே வெல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முந்நூற்றுநான்கிலிருந்து வரும் இன்னொரு பழக்கம் கட்டானில் உதவாது. அங்கே எதிரே இருப்பவர் நம் கூட்டாளி. இங்கே கூட்டாளி இல்லை. ஆனாலும் மாமி ஆட்டத்தில் இருக்கும்போது அவர் கேட்ட கம்பளியை மச்சாள் மறுப்பதில்லை. வயதில் மூத்தவர் கேட்டதை இல்லை என்று சொல்லும் கூச்சம் இளையவர்களுக்கு உண்டு. இப்படிக் கேட்டால் கிடைக்கும் மேசையில் வீதித் திட்டத்தின் குறை பாதியாகக் குறைகிறது, ஏனெனில் பிற்பாதியிலும் தாது எங்கிருந்தாவது வரும். கணக்காக ஆடுபவர்கள் மட்டும் கூடிய மேசையில் அந்தக் குறை முழுதாக நிற்கும். தெரியாதவர்களோடு ஆடும்போது இரண்டாவது வகை மேசை என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

அப்பா விளையாடுவதில்லை; பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்து பார்ப்பார். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இங்கே குடும்பம் நடத்தியவர் அவர். சவர்க்காரமும் பற்றரியும் மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்குப் போன காலத்தில், ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்து விளக்கேற்றிப் படித்த தலைமுறையின் மூத்தவர்களில் ஒருவர். ஒருநாள் நான் செங்கல் வேண்டும் என்று மேசையைச் சுற்றி ஒவ்வொருவரிடமும் கேட்டதைப் பார்த்துவிட்டு, பிறகு தனியே கூப்பிட்டு, “உன்னட்டை என்ன இல்லையெண்டு எல்லாருக்கும் தெரியவிடாதை, தெரிஞ்சால் விலையை அவையள்தான் சொல்லுவினம்” என்றார். அன்றிலிருந்து நான் ‘செங்கல் இருக்கிறதா’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். ‘என்னிடம் ஒரு தாது இருக்கிறது, எவருக்கு வேண்டும், என்ன தருவீர்கள்’ என்று கேட்கிறேன். தாது தேவைப்படுபவர் தாமாகவே செங்கல்லை நீட்டும் தருணங்கள் இதனால் கூடியிருக்கின்றன. நகரத் திட்டக்காரருக்கு இது இன்னும் பொருந்தும்: முதல் நான்கைந்து சுற்றுகளில் ஒரு தாதுவை விட்டுக்கொடுத்துச் செங்கல் வாங்குவது நட்டமாகத் தோன்றினாலும், அந்தச் செங்கல் பத்தாவது சுற்றில் எந்த விலைக்கும் கிடைக்காது.

கடந்த சித்திரை விடுமுறையில் வந்த ஒரு பலகையைச் சொன்னால் இந்தத் தெரிவு எப்படி வருகிறது என்பது தெளிவாகும். செங்கல்லுக்கு 3, 5, 11 என்ற எண்கள், மொத்தம் எட்டே பொட்டுகள். தாதுவுக்கு 4, 8, 10, பதினொரு பொட்டுகள். மரத்துக்குப் பன்னிரண்டு, கம்பளிக்குப் பதின்மூன்று, கோதுமைக்குப் பதினான்கு. செங்கல் அரிதான பலகை என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. முதலாவதாக வைத்த மச்சாள் செங்கல் 5, மரம் 6, கம்பளி 4 சேரும் சந்திப்பை எடுத்தாள். அரிதான பொருளைக் கைப்பற்றி வீதி போடுவது அவளுடைய கணக்கு, பிழையான கணக்கன்று. தம்பி கம்பளி 8ஐத் தொட்ட ஒரு சந்திப்பில் வைத்தான். மூன்றாவது ஆளான நான் தாது 8, கோதுமை 9, கம்பளி 10 சேரும் சந்திப்பை எடுத்தேன். அதுவும் பன்னிரண்டு பொட்டு. அதற்கு நான் நீண்ட நேரம் யோசிக்கவில்லை.

நான்காவது ஆளான அண்ணா தன் இரண்டையும் அடுத்தடுத்து வைத்த பிறகு என் இரண்டாவது முறை வந்தது. உண்மையான தெரிவு அப்போதுதான். ஒரு பக்கம் மரம் 9, செங்கல் 11, கோதுமை 5 சேரும் பத்துப் பொட்டுச் சந்திப்பு. அதை எடுத்தால் ஐந்து பொருளும் என் கையில் இருக்கும். மறு பக்கம் கரையோரத்தில் தாது 10உம் கோதுமை 6உம் சேரும் எட்டுப் பொட்டுச் சந்திப்பு. அதில் மூன்றுக்கு ஒன்று துறைமுகம். பொட்டுக் கணக்கு முதலாவதை எடு என்றது. தம்பியும் அதையே எதிர்பார்த்தான்.

நான் தாதுவை மட்டும் தனியே எண்ணிப் பார்த்தேன். முதலாவதை எடுத்தால் தாதுவுக்கு ஐந்து பொட்டு. ஒரு நகரத்துக்கு வேண்டிய மூன்று தாது சேரச் சராசரியாக ஐந்தரைச் சுற்று ஆகும். இரண்டாவதை எடுத்தால் எட்டுப் பொட்டு. மூன்றரைச் சுற்றுக்குள் சேர்ந்துவிடும். அதோடு 8 விழாத நாளிலும் 10 விழலாம். கள்ளன் ஒரு மலையை அடைத்தாலும் மற்றது திறந்திருக்கும். முதலாவதில் கிடைக்கும் செங்கல் 11இல் இரண்டே பொட்டு. ஒன்பது முறை உருட்டினால் சராசரி அரைச் செங்கல். அந்த அரைச் செங்கல்லுக்காக மூன்று பொட்டுத் தாதுவையும் துறைமுகத்தையும் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு வீதிக்கும் ஒரு குடியிருப்புக்கும் எனக்குத் தேவைப்படுவது இரண்டு செங்கல்லும் இரண்டு மரமும் மட்டும். அவற்றைத் தொடக்கத்திலேயே, என் முன்னே இரண்டு புள்ளி மட்டும் தெரியும்போதே மச்சாளிடம் வாங்கிவிடலாம் என்று நினைத்துக் கரையோரத்தை எடுத்தேன்.

நான்காவது சுற்றுக்குள் மச்சாளுக்கு இரண்டு தாது கொடுத்து இரண்டு செங்கல் பெற்றேன். அண்ணா ஒரு கோதுமைக்கு ஒன்றாக இரண்டு மரம் தந்தார். மூன்றாவது குடியிருப்பு எழுந்தபின் நான் செங்கல்லைத் தேடவே இல்லை. ஆட்டம் நடுப்பகுதியைத் தாண்டியபோது மச்சாள் ஐந்து குடியிருப்பும் நெடுவீதியுமாக ஏழில் நின்றாள், எனக்கு ஐந்துதான். அதற்குப் பிறகு அவள் முறைதோறும் தாது கேட்டாள்; அண்ணாவும் தம்பியும் தலையை அசைத்து மறுத்தார்கள். வங்கியில் நான்கு மரம், நான்கு செங்கல் என்று கொடுத்து அவள் இரண்டு நகரங்களை எழுப்பி ஒன்பதுக்கு வந்துவிட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். செங்கல் 5 அன்று நன்றாக விழுந்தது. என்னிடம் அப்போது மூன்று நகரமும் பெரும்படையுமாக எட்டுப் புள்ளி வெளியே தெரிந்தது. கையில் ஒரு வெற்றிப்புள்ளி அட்டை மறைந்திருந்தது. தாது ஒன்று, கோதுமை நான்கு, கம்பளி இல்லை. மேசையில் எல்லோரிடமும் கம்பளி இருந்தும் நான் எவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தந்திருக்க மாட்டார்கள். துறைமுகத்தில் மூன்று கோதுமையைக் கொடுத்து ஒரு கம்பளியை எடுத்து, ஏழாவது அபிவிருத்தி அட்டையை வாங்கிப் புரட்டினேன். அது என் இரண்டாவது வெற்றிப்புள்ளி அட்டை.